படுக்கை கட்டிய வான் வண்டியில் திருகோணமலைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலாவெளி வீதியில், கடலில் இருந்து ஐந்து நிமிட நடையில் எங்கள் வளவு இருக்கிறது. நான் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கலாசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள், பிறகு வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் கூடப் படிப்பித்தவர்கள் என்று நாடு முழுக்கச் சிநேகிதர்கள். அவர்களில் சிலர் சில வருடங்களாக வானுக்குள் படுக்கை கட்டி, அதைக் கரவன் என்று சொல்லிக்கொண்டு, நாட்டுப்புறமெல்லாம் பார்த்தபடி எங்களிடம் வந்து தங்கிப் போகிறார்கள். புறப்படும் முன் எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் தொலைபேசியில் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைத்தேன். எங்களிடம் அல்லாமல், கடலோரத்தில் வேறு யாராவது நண்பர் வீட்டுக்கு இப்படிப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

கரவன் என்றால் என்ன? வான்தானே?

இந்த நாட்டில் கரவன் என்றதும் பலருக்கு நிசான் கரவன் வான்தான் நினைவுக்கு வரும். வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற சில்லு வைத்த வீட்டை இங்கே காண்பது அரிது. நம் ஊர் ஒழுங்கைகளுக்கு அது ஒத்தும் வராது. எங்களிடம் வருகிறவர்கள் ஹயஸ் வானிலோ கரவன் வானிலோ பின் இருக்கைகளை எடுத்துவிட்டு, பலகைத் தட்டு அடித்து, மேலே மெத்தை போட்டு, கீழே ஒரு சின்ன காஸ் அடுப்பும் தண்ணீர்க் கான்களும் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அவ்வளவு போதும். கூரையை உயர்த்துவது, இருக்கையை நிரந்தரமாகக் கழற்றுவது என்று போனால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டில் இருந்து வந்து தாங்களே ஓட்ட நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல்: உங்கள் நாட்டு உரிமத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இங்கே ஓட முடியாது. இங்கே செல்லுபடியாகும் அனுமதியை எடுத்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

எந்த மாதத்தில் வந்தால் நல்லது?

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. தெற்கிலும் மலைநாட்டிலும் தென்மேற்கு மழை கொட்டுகிற காலம் எங்களுக்குக் கோடை. மழையை மலைகளில் இறக்கிவிட்டு, காய்ந்த காற்றாக அது எங்கள் பக்கம் வரும். அதைத்தான் கச்சான் என்கிறோம். தரையில் இருந்து கடலை நோக்கி வீசுவதால் கடல் கண்ணாடி போலக் கிடக்கும். ஆனால் ஜூன், ஜூலையில் பகல் பதினொரு மணிக்குப் பிறகு வானுக்குள் இருக்கவே முடியாது, தகரம் கொதிக்கும். அந்த நேரத்துக்கு எங்கள் விறாந்தை இருக்கிறது.

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக் காலம். கடல் குமுறும், வள்ளங்களை மேலே இழுத்து வைத்துவிடுவார்கள். மகாவலி பெருகினால் மூதூர், வெருகல் பக்கம் றோட்டுக்கு மேலால் வெள்ளம் போகும். அந்த மாதங்களில் நீங்கள் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் பஸ்ஸில் வாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து எந்த வழி?

ஏறக்குறைய 240 கிலோமீட்டர். ஏ9 இல் ஆனையிறவு, கிளிநொச்சி, மாங்குளம் தாண்டி வவுனியா வரை வந்து, அங்கே இடப்பக்கம் ஹொரவப்பொத்தானை வீதியில் திரும்புங்கள். ஹொரவப்பொத்தானையில் ஏ12 வீதி வரும். அதில் மறுபடி இடப்பக்கம் திரும்பினால் முதலிக்குளம், பன்குளம், கன்னியா, பிறகு நாங்கள்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் போதும், அவசரப்பட வேண்டாம். முறிகண்டிப் பிள்ளையாரிடம் எல்லா வாகனமும் நிற்கும், நீங்களும் நில்லுங்கள். தேங்காய் உடைத்து, ஒரு சுருள் கச்சானும் வாங்கிக்கொண்டு (இது தின்கிற கச்சான், வீசுகிற கச்சான் அல்ல) ஏறினால் வவுனியா வரை கைக்கு வேலை இருக்கும். வவுனியாவில் டீசலும் தண்ணீரும் நிரப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு உள்ள நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம்தான் இந்தப் பயணத்தின் உயிர். சின்னச் சின்னக் குளங்கள், அணைக்கட்டில் மருத மரங்கள், வயல், பிறகு காடு, மறுபடி வயல். அறுவடைக் காலம் என்றால் றோட்டின் ஒரு கரையில் நெல்லைப் பரப்பிக் காய விட்டிருப்பார்கள். அது யாரோ ஒருவரின் நாலு மாத உழைப்பு. அதன் மேல் சில்லு ஏறாமல், எதிரே வாகனம் வந்தால் நின்று வழி விட்டுப் போங்கள்.

கன்னியாவில் கட்டாயம் இறங்குங்கள். வீட்டுக்கு வர இன்னும் அரை மணித்தியாலம்தான் இருக்கும், ஆனாலும் இறங்குங்கள். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெந்நீர், ஒன்றுக்கொன்று சூடு வேறு. தாய்க்குக் கிரியை செய்வதற்காக இராவணன் ஊன்றிய இடங்களில் நீர் பீறிட்டது என்று வழிவழியாகச் சொல்வோம். இன்றும் தாய் தகப்பனை இழந்தவர்கள் அங்கே போய்க் கடன் கழிக்கிறார்கள். அதனால் சத்தம் போடாமல் வாளியால் அள்ளிக் குளியுங்கள். றோட்டுப் புழுதியும் உடம்பு அலுப்பும் அங்கேயே போய்விடும். ஈரத் தலையோடு எங்கள் படலையைத் திறந்து வருகிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கண்டி, கொழும்பில் இருந்து?

கொழும்பில் இருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகச் சுமார் 260 கிலோமீட்டர். கண்டியில் இருந்து மாத்தளை வழியாக வந்து தம்புள்ளையில் அதே வீதியில் ஏறலாம். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோவில் றோட்டோரத்திலேயே இருக்கிறது. தம்புள்ளையில் மொத்த மரக்கறிச் சந்தை இருக்கிறது, மலைநாட்டு மரக்கறி அங்கே மலிவு.

கந்தளாய்க்கு வந்தால் குளத்தைப் பாருங்கள். எங்கள் நகரத்துக் குழாய்களில் வருவது அந்தத் தண்ணீர்தான். 1986 ஏப்ரல் 20 விடியற்புறம் அந்த அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த அணைக்கட்டைக் கடக்கும்போது நான் இன்றும் பேச்சை நிறுத்திவிடுவேன். அப்புறம் றோட்டோரக் கடைகளில் சட்டித் தயிர் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். எருமைத் தயிர். இரண்டு சட்டி வாங்கி, வானுக்குள் ஆடாமல் மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் இறுக்கி வையுங்கள். நேரம் இருந்தால் தம்பலகாமத்து ஆதிகோணேஸ்வரத்துக்கும் ஒரு சுற்றுப் போகலாம், வயல்வெளிக்கு நடுவில் கோவில்.

மட்டக்களப்பில் இருந்து?

வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா. கடலோர வழி, எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. நான் மட்டக்களப்பில் படிப்பித்த காலத்தில் இந்த வழியில் ஆற்றுக்கு ஆறு இறங்கிப் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். பாதை என்றால் வாகனங்களையும் ஏற்றிக் கரை சேர்க்கிற மிதவை. இளையவர்களுக்கு இந்தச் சொல்லே தெரியாமல் போகிறது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். 396 மீட்டர். அதன் நடுவில் வரும்போது இரண்டு பக்கமும் நீர், தூரத்தில் துறைமுகத்து மலைகள். பாலத்தில் வானை நிறுத்தாதீர்கள். கடந்து வந்து ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பாருங்கள்.

இந்த வழியில் இரவில் யானையை விட மாடுதான் ஆபத்து. சூடான தாரில் படுத்துக்கொள்ளும், எழும்பாது.

முல்லைத்தீவுக் கரையால் நேரே வரலாமா? வரைபடத்தில் கிட்ட இருக்கிறதே.

கொக்கிளாயும் புல்மோட்டையும் கிட்டத்தான் தெரியும். ஆனால் நடுவில் களப்பின் வாய் இருக்கிறது. பழக்கமில்லாதவர்கள் பெரிய வானோடு அந்தப் பக்கம் போகாமல் வவுனியா வழியே வாருங்கள். புல்மோட்டைக் கறுப்பு மணலைப் பார்க்க வேண்டும் என்றால் எங்கள் வீட்டில் இருந்து வடக்கே ஒரு பகலில் போய் வரலாம்.

யானைக்குப் பயமாக இருக்கிறது. உண்மையில் எவ்வளவு ஆபத்து?

பயம் இருப்பது நல்லது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையிலும், ஹொரவப்பொத்தானைக்கும் முதலிக்குளத்துக்கும் இடையிலும் றோட்டைக் காடு இரண்டு பக்கமும் நெருக்குகிறது. யானைகளுக்கு அது வீட்டு முற்றம், நாங்கள்தான் குறுக்கே போகிறோம். என் ஒரே கட்டளை: மாலை நாலரைக்குள் அந்தக் காட்டைத் தாண்டிவிடுங்கள், காலை ஆறரைக்கு முன் உள்ளே நுழையாதீர்கள். பொழுது பட்டுவிட்டதா? வவுனியாவிலோ ஹபரணையிலோ அறை எடுத்துப் படுத்துவிட்டு அடுத்த நாள் வாருங்கள். சோற்றை நான் மறுநாளும் ஆக்குவேன்.

யானை றோட்டில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காதீர்கள், பெரிய வெளிச்சத்தைக் குறையுங்கள், இயந்திரத்தை அணைக்காதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள். பின்னால் போக இடம் வைத்துக்கொண்டு காத்திருங்கள். அது போகும். வாழைப்பழம் எறிகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அப்படிக் கொடுத்துப் பழக்கினதால்தான் சில யானைகள் வாகனத்தைப் பார்த்துக்கொண்டே றோட்டோரம் நிற்கின்றன. கொடுக்காத வாகனத்தின் கண்ணாடிக்குள் தும்பிக்கை வருவதும் அதனால்தான்.

யாழ்ப்பாணத்துச் சிநேகிதி ஒருத்தியும் கணவரும் ஒரு வருடம் கறுத்தக்கொழும்பான் ஒரு பெட்டி எங்களுக்கென்று கொண்டு வந்தார்கள். பிந்திப் புறப்பட்டு, முதலிக்குளத்துக்கு இப்பால் இருட்டிவிட்டது. மாம்பழ வாசம் ஒரு கொம்பனைக் கிட்ட இழுத்துவிட்டது. வானின் பக்கத்தில் தும்பிக்கையால் தடவித் தடவி நின்றதாம். இருவரும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறார்கள். எதிரே ஒரு லொறி வர, பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டு அது காட்டுக்குள் இறங்கிவிட்டது. அன்று இரவு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பழத்தை இறுக்கி மூடும் பெட்டியில் போட்டு, மேலே ஒரு சாக்கும் போர்த்திக் கொண்டு வாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிச்சத்தோடு வாருங்கள்.

வழியில் வானிலேயே இரவு தங்கலாமா?

தங்கலாம், கேட்டுவிட்டுத் தங்குங்கள். கோவில் வளவு, எரிபொருள் நிலையத்தின் ஓரம், தெரிந்தவரின் முற்றம். நான் கேள்விப்பட்ட அளவில் பணிவாகக் கேட்டவர்களுக்கு மறுத்தவர்கள் குறைவு. குளக்கட்டிலும் காட்டோரத்திலும் படுக்க வேண்டாம். இரவில் யானை தண்ணீருக்கு வரும் வழி அதுதான். படுக்கும் முன் காஸ் சிலிண்டரை மூடிவிட்டு, சன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். நுளம்புக்கு வலை போடுங்கள். மூடிய வானுக்குள் கரியோ அடுப்போ எரிக்கக் கூடாது, அந்தப் புகைக்கு மணமே இல்லாத நஞ்சும் உண்டு.

உங்கள் வளவில் வானை எங்கே நிறுத்துவது?

வேப்பமரத்துக்குக் கீழே. தென்னைக்குக் கீழே வேண்டவே வேண்டாம், நிழல் நல்லாகத்தான் இருக்கும், ஒரு தேங்காய் விழுந்தால் கூரை நெளிந்துவிடும். ஓகஸ்ட்டில் பனைக்குக் கீழும் அப்படித்தான், பனம்பழம் தேங்காய்க்குக் குறைந்தது அல்ல. வானின் பக்கக் கதவு கடல் பக்கம் பார்க்கிற மாதிரித் திருப்பி நிறுத்துங்கள். அப்போது கச்சான் புழுதி முதுகில் அடிக்கும், காலையில் சூரியன் கடலில் இருந்து எழும்பி நேரே படுக்கைக்கு வரும்.

இங்கே இடத்தை இன்னும் மைல் கட்டை எண்ணித்தான் சொல்வோம். மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்று. வீட்டைத் தேடி ஒழுங்கைக்குள் இறங்கும் முன் தொலைபேசியில் அழையுங்கள், என் கணவர் சைக்கிளில் வந்து முன்னால் போவார். ஒழுங்கை மணல், தடம் விட்டு விலகினால் புதையும்.

கடற்கரையிலேயே வானை நிறுத்திப் படுக்க ஆசை. முடியாதா?

இந்த ஆசை எல்லாருக்கும் வருகிறது, எனக்கு விளங்குகிறது. ஆனாலும் வேண்டாம். அது வெறும் மணல் அல்ல. விடியற்புறம் கரைவலை இழுக்கிறவர்களின் வேலைத்தலம், அவர்களின் வாடி (ஓலைக் குடில்) இருக்கிற இடம், வலை காயப் போடுகிற இடம். ஆமை முட்டையிட ஏறுகிற கரையும் அதுதான்.

எங்கள் நண்பர் ஒருவர் கேட்காமல் இறக்கினார். இறங்கும்போது வான் பிரச்சினை இல்லாமல் போனது. திருப்ப முயன்றபோது பின் சில்லு சுழன்று சுழன்று அச்சு வரை தாழ்ந்துவிட்டது. மிதிக்க மிதிக்கத் தாழும், அதுதான் மணல். விடிய நாலரைக்கு வந்த கரைவலைக்காரர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு, சில்லுக்குக் கீழே மண்ணைத் தோண்டி, தென்னமட்டைகளை அடுக்கி, ரயர்களில் காற்றை இறக்கி, வலைக் கயிற்றையே கட்டி இருபது பேர் சேர்ந்து இழுத்தார்கள். ஒரு சதம் வாங்கவில்லை. அன்றைக்கு அவர்களின் முதல் பாடு, அதாவது முதல் வலை இழுப்பு, தவறிப்போனதை அவர் பிறகுதான் அறிந்தார். இப்போது வரும் ஒவ்வொரு தடவையும் முதலில் அந்த வாடிக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்.

வானை வளவில் விடுங்கள். ஒரு பாயை எடுத்துக்கொண்டு நடந்து போங்கள். நானும் வருகிறேன்.

வீட்டில் அறை இருக்க, நாங்கள் வானில் படுத்தால் உங்களுக்கு மனம் நோகாதா?

முதல் தடவை நொந்தது. மாமி அப்போது உயிரோடு இருந்தார். விருந்தாளியை முற்றத்தில் படுக்க விட்டு நாங்கள் கட்டிலில் படுப்பதா என்று இரவு முழுக்க உறங்கவில்லை. விடிந்ததும் அவரே வானுக்குள் ஏறி, மெத்தையைத் தட்டிப் பார்த்து, சன்னல் சீலையைத் தொட்டுப் பார்த்து, அங்கேயே இருந்து தேத்தண்ணி குடித்தார். அதற்குப் பிறகு அந்தக் கதை எழும்பவில்லை.

இப்போது எனக்கு இதில் ஒரு நன்மை தெரிகிறது. எங்கள் வயதில் எல்லாருக்கும் ஒவ்வொரு பழக்கம். ஒருவருக்கு இரவில் மூன்று முறை எழும்ப வேண்டும், இன்னொருவர் குறட்டை, இன்னொருவருக்கு விடிய நாலு மணிக்கு வானொலி வேண்டும். முந்தி இதற்கெல்லாம் வெட்கப்பட்டு இரண்டு நாளில் ஓடிவிடுவார்கள். வான் வந்த பிறகு ஒரு கிழமை இருக்கிறார்கள். சொந்த அறையைச் சில்லில் கொண்டு வந்த மாதிரி. ஆனால் ஒன்று கேட்கிறேன்: வானை உறங்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் வந்து, எங்களுக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று நினைத்து, சமைப்பதும் சாப்பிடுவதும் வானுக்குள்ளேயே நடத்தினார்கள். நல்ல மனிதர்கள், நல்ல எண்ணம்தான். எனக்கோ பக்கத்து வீட்டில் யாரோ குடி வந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் நானே போய்க் கதவைத் தட்டி, தேங்காய் துருவ ஆள் இல்லை என்று சொல்லிக் கூட்டி வந்தேன். குசினியில் பலகைக்கட்டையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே முப்பது வருடக் கதையைப் பேசத்தானே இவ்வளவு தூரம் வருகிறீர்கள்?

தண்ணீரும் கறண்டும்?

குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர் எடுங்கள். குளிக்கக் கிணறு. எங்கள் கிணற்றை வாளியால் மட்டும் அள்ளுவோம், மோட்டார் போடுவதில்லை. கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படை போல மிதக்கிறது. ஒரேயடியாக இறைத்தால் அந்தப் படை மெலிந்து கீழே உள்ள உவர் மேலே ஏறிவிடும், ஒரு மழைக்காலம் வரும் வரை சரியாகாது. ஆகவே வான் ராங்கியைக் கிணற்றில் நிரப்பாதீர்கள்.

கறண்டுக்கு விறாந்தையில் ஒரு 13 அம்பியர் பிளக் தருவேன். நீளமான வயர் றோல் கொண்டு வாருங்கள், முழுவதையும் விரித்துவிட்டுப் பாவியுங்கள், சுருட்டிய வயர் சூடேறும். மின்விசிறி, விளக்கு, தொலைபேசி சரி. கேத்தலையும் சோற்றுக் குக்கரையும் ஒன்றாகப் போட்டால் வீடு முழுக்க இருட்டாகும்.

கேட்க வெட்கமாக இருக்கிறது, வானுக்குள் இருக்கிற கக்கூசுப் பெட்டியை எங்கே கொட்டுவது?

வெட்கப்படாமல் முதல் நாளே கேளுங்கள். எங்கள் மலசலகூடத்தில் மெதுவாக ஊற்றி, இரண்டு வாளி தண்ணீர் அடியுங்கள். நீல நிற இரசாயன மருந்து போட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அது குழிக்குள் கழிவை உக்கச் செய்கிற கிருமிகளைக் கொன்றுவிடும், குழி சீக்கிரம் நிரம்பும். மருந்து இல்லாமல் தினமும் ஊற்றுவதே நல்லது. மணலில் புதைக்கவோ கடலில் கொட்டவோ கூடவே கூடாது. மணல் நிலத்தில் ஊற்றியது நேரே கிணற்றுக்குப் போகும், எங்களுடையதற்கு மட்டுமல்ல, நாலு வீட்டுக்கு.

பாத்திரம் கழுவின தண்ணீர் வாழைக்கு.

என்ன கொண்டு வர வேண்டும்?

ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை, ஆகவே உண்மையைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தார் பனங்கட்டியும் நல்லெண்ணெயும் முருங்கைக்காயும். மலைநாட்டார் தேயிலைத் தூளும் லீக்சும். கொழும்பார் கந்தளாயில் தயிர். மட்டக்களப்பார் மரமுந்திரிகை. மீன் வேண்டாம், கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை அது. இங்கே விடியக் கரைக்குப் போனால் ஓரா, விளை, பாரை, கணவாய் என்று துடிக்கத் துடிக்க வாங்கலாம். ஓராவும் வெந்தயமும் போட்ட பால்கறிக்காகவே வருடம் தவறாமல் வருகிற ஒரு தம்பதி உண்டு.

எத்தனை நாள் இருக்கலாம்?

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். வானில் வந்தவர்களுக்கு நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஐந்து நாளுக்குக் குறைய வருவதென்றால் இந்தத் தூரத்துக்கு ஞாயம் இல்லை. எதற்கும் வரும் நாளையும் போகும் நாளையும் முதலே சொல்லுங்கள். கோவில் திருவிழா, பேரப்பிள்ளைகள் வரவு எல்லாம் பார்த்து நான் ஆயத்தமாக வேண்டும்.

அங்கே எதைப் பார்க்க வேண்டும்?

கோணேசர் கோவில். மாலைப் பூசைக்குப் போங்கள். கோவில் கோட்டைக்குள் இருக்கிறது, வானைக் கோட்டைக்கு வெளியே விட்டுவிட்டு நடப்பதே நல்லது. பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் பயமில்லாமல் திரியும். கையில் பொலித்தீன் பை இருந்தால் ஒளித்து வையுங்கள், மணம் பிடித்து அதையும் தின்று சாகின்றன. சம்பந்தர் பாடிய தலம் இது. போர்த்துக்கீசர் 1622 இல் பழைய கோவிலை இடித்து, அந்தக் கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். 1950 இல் கிணறு வெட்டும்போது புதைத்து வைத்த வெண்கல விக்கிரகங்கள் வெளியே வந்தன. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை நேற்று நடந்த மாதிரிச் சொல்வார்கள். கோவிலுக்குப் பக்கத்துப் பாறைப் பிளவான இராவணன் வெட்டுக்கு மேலே நின்று கீழே கடலைப் பார்க்கும்போது அந்தக் கதையெல்லாம் தானாக நினைவுக்கு வரும். மார்ச்சில் இருந்து ஓகஸ்ட் வரை சில நாள் அங்கிருந்தே திமிங்கிலம் மூச்சு விடுவதும் தெரியும்.

புறாத்தீவுக்கு நிலாவெளிக் கரையில் இருந்து வள்ளம் போகும். 2003 முதல் அது தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். காலையிலேயே போங்கள். முருகைக் கல்லில் (பவளப் பாறையில்) கால் வைக்காதீர்கள், உடைந்தது வளர வருடக் கணக்காகும்.

நிலாவெளி வீதியோரம் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டார்கள். கல்லறைகளில் வயதைப் படியுங்கள், பத்தொன்பது, இருபது. என் மாணவர்களின் வயது.

பிள்ளைகள் கடலில் குளிக்கலாமா?

கோடையில், பெரியவர் ஒருவர் கூட இடுப்பளவு தண்ணீரில் நின்றால், குளிக்கலாம். வாடையில் கால் நனைப்பது மட்டும்.

கடல் உப்பு வானைத் தின்றுவிடாதா?

தின்னும். திரும்பிப் போகிற வழியில் முதல் நல்ல தண்ணீர் கிடைக்கிற சேர்விஸ் நிலையத்தில் அடிப்பக்கத்தைக் கழுவச் சொல்லுங்கள். மேலே கழுவினால் போதாது, துரு கீழே இருந்துதான் ஏறும். கதவுப் பிணைச்சல்களில் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள்.

திரும்பும் நாளில் எத்தனை மணிக்குப் புறப்படுவது?

பலர் வெயிலுக்கு முன் போகலாம் என்று நாலு மணிக்கே வானைத் திருப்பப் பார்க்கிறார்கள். யானைக்கு மாலை எப்படியோ விடியற்காலையும் அப்படித்தான், காட்டுக்குத் திரும்புகிற நேரம். ஆறரைக்கு முன் படலை திறக்கமாட்டேன். கருவாடு கட்டி வைத்திருப்பேன், அதை வானுக்குள் மெத்தையோடு வைக்காமல் இறுக்கி மூடும் தகரப் பேணியில் போட்டு, கடைசியில் ஏற்றுங்கள். எப்படியும் புட்டு அவிந்து, முட்டைப் பொரியலும் சம்பலும் ஆக ஆறு மணி தாண்டிவிடும்.